பின் சக்கரத்துக்கு ஒரு டிஸ்க்

"வந்துட்டாரு!" என்று பல்லைக் கடித்தாள் மகள்.

சனிக்கிழமை காலை. அப்பாவின் சைக்கிள் கடையில் மூச்சுவிட நேரமில்லாத வேளை. கைத்தடியை வாசலில் சாத்திவிட்டு, தன் வீடு மாதிரி உள்ளே வந்தார் தவளை மாமா.

தவளை என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். வாலிபத்தில் இருவரும் ட்ரையல்ஸ் சைக்கிள் ஓட்டியவர்கள். உட்கார சீட்டே கிடையாது. நின்றபடி, பாறைக்குப் பாறை, மதிலுக்கு மதில் சைக்கிளோடு தாவ வேண்டும்; கால் தரையில் பட்டால் புள்ளி போய்விடும். மாமா தாவுவதில் மன்னன். அப்பா ஏறி நின்ற இடத்தில் அசையமாட்டார் என்பதால் அவர் 'ஆணி'.

"டேய் ஆணி, என் வண்டிக்கு ஒரு பிரேக் டிஸ்க் பார்க்கணுமேடா."

அப்பா நிமிர்ந்தார். "எந்த வண்டிக்கு?"

மகளுக்குச் சுருக்கென்றது. போன சனிக்கிழமையும் இதே கேள்விதான். அதற்கு முந்தின சனிக்கிழமையும்.

மூளையில் ரத்தம் கட்டி, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர். அதனால்தான் அவள் தன் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தாள். மற்ற நாளெல்லாம் தேறிவிட்டார் என்றே தோன்றும். சனிக்கிழமை இந்தக் கேள்வியைக் கேட்டதும், அவள் நம்பிக்கை காற்றுப்போன ட்யூப் மாதிரி சுருங்கிவிடும்.

"ட்ரையல்ஸ் வண்டிக்குடா. பின் சக்கரம். பிரேக் பிடிச்சா வழுக்குது."

அவ்வளவுதான். அப்பா ஸ்டூலில் ஏறி, பிரேக் கவ்விப் பிடிக்கும் அந்த வட்டத் தகடுகள் இருக்கிற பெட்டியை எல்லாம் இறக்கிவிட்டார்.

"பெரிசா போடுடா. நூத்தி எண்பது மில்லிமீட்டர். கவ்வினா விடாது."

"பின்னாடி பெரிசு போட்டா பாறையில இடிச்சு நெளிஞ்சுடும்டா மடையா. நூத்தி அறுபது போதும்."

"இது? நிறைய ஓட்டை இருக்கே, கனம் குறையுமே."

"ஓட்டை சூடு போறதுக்கு. மலையிலேர்ந்து வேகமா இறங்குறவனுக்கு அது வேணும். நீ பாறைக்குப் பாறை தாவுறவன், உனக்கு எதுக்கு? ஓட்டை குறைவா இருந்தாத்தான் நல்ல பிடி கிடைக்கும்."

"கல்குவாரிப் போட்டியில என் டிஸ்க் போட்ட கூச்சலுக்கு நடுவர் காதைப் பொத்திக்கிட்டாரே!"

"காதை மட்டுமா? கண்ணையும்ல மூடிக்கிட்டாரு! அதான் நீ தரையில கால் ஊனினது அவருக்குத் தெரியல. கோப்பை உனக்குப் போச்சு."

"அடப்பாவி! இன்னுமாடா அதைச் சொல்லிக்கிட்டிருக்கே?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பஞ்சர் ஒட்ட வந்த ஒரு பெண்மணி நின்று நின்று பார்த்துவிட்டு, சைக்கிளை எதிர்க்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

மாமா கடைசி டிஸ்க்கையும் வெளிச்சத்தில் பிடித்து, விரலில் சுழற்றிப் பார்த்துவிட்டு வைத்தார். "யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்டா."

மகளுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே தெருவுக்குப் போனாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. வாங்குறதா இருந்தா வாங்கிடுங்க. உடம்புக்கு முடியாத மனுஷனை வாரா வாரம் ஸ்டூல்ல ஏத்தி இறக்குறது நல்லாவா இருக்கு?"

மாமா கைத்தடியை ஊன்றி நின்றார். "வாங்கி எதுலம்மா மாட்டுறது? எங்கிட்ட வண்டியே இல்லையே."

"என்னது?"

"இடுப்பு ஆபரேஷன் ஆனப்பவே ஒரு பொண்ணுக்கு வித்துட்டேன்."

"அப்போ எதுக்கு...?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல, உங்கப்பன் என்னையே யாருன்னு கேட்டான். பேச்சு எடுத்தா பாதியிலயே தொலைஞ்சுடும். ஒருநாள் ஏதோ டிஸ்க்குன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாரு, மடை திறந்த மாதிரி கொட்டுறான்! அதான் வாரா வாரம் அதையே கேட்கிறேன். போன வாரம் கேட்டது இந்த வாரம் ஞாபகம் இருக்காதே, அதுவும் ஒரு சௌகரியம்."

சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் தடுமாறியது.

இத்தனை வாரமும் இவரை மனதுக்குள் எத்தனை திட்டியிருப்பாள்!

"அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமே வந்துடுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

கடைக்குள் அப்பா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கைகொடுத்தாள்.

"மாமா அடுத்த வாரம் வர்றாராம்பா. அவர் வண்டிக்கு..."

"வண்டி ஏது? அதை வாங்கிக்கிட்ட பொண்ணு போன மாசம் இங்கேதான் கொண்டுவந்தா. நீ சாப்பிடப் போயிருந்தே. நான்தான் டிஸ்க் மாட்டி அனுப்பினேன்."

அவள் கையில் இருந்த பெட்டி நழுவியது.

"அப்பா! உங்களுக்கு... எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"அது திரும்பி எவ்வளவோ நாளாச்சு."

"பின்னே ஏன் ஒவ்வொரு வாரமும் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்கிறீங்க?"

அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மாமா மெதுவாக, மிக மெதுவாக, மூலை திரும்பிக்கொண்டிருந்தார்.

"பொண்டாட்டி போனதிலிருந்து அவன் வீட்டைப் பூட்டிக்கிட்டு உள்ளேயே கிடந்தான். கெஞ்சிக் கூப்பிட்டும் வரல. எனக்கு மறதின்னு கேள்விப்பட்ட பிறகுதான் வாசப்படி தாண்டினான். நான் தேறிட்டேன்னு தெரிஞ்சா, மறுபடியும் கதவைச் சாத்திக்குவாம்மா!"