வெற்றுப் படம்

மூலக்கூறுகளை எந்தப் பனியும் எட்டாத அளவுக்குக் குளிர வைத்து, காற்றில்லாத இரும்புக் கூண்டுக்குள் லேசர் ஒளியால் பிடித்து நிறுத்துவதுதான் அவளுடைய வேலை. பிடிபட்டால் கேமராவில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். பிறகு லேசரை அணைத்து, மூலக்கூறுகளைச் சிதறவிட்டு, ஒரு வெற்றுப் படம் எடுப்பார்கள். முதல் படத்திலிருந்து அதைக் கழித்தால், எத்தனை மூலக்கூறு பிடிபட்டது என்ற கணக்கு சரியாக வரும்.

கூண்டைக் கட்டிய அவள் கணவன் செத்த மறுவாரத்திலிருந்து கணக்கு உதைத்தது. முதல் படம் கறுப்பாக இருந்தது. லேசரை அணைத்தபின் எடுத்த வெற்றுப் படத்தில் புள்ளி தெரிந்தது.

"அண்ணன் எப்பவும் லேட்டுதானே அண்ணி," என்றான் கூட வேலை பார்க்கும் கொழுந்தன். "விளக்கணைச்ச பிறகுதான் வீட்டுக்கே வருவாரு." சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

கேமராவை மாற்றினார்கள். புள்ளி போகவில்லை. அவள் வீட்டிலும் விளக்கைச் சீக்கிரமே அணைத்துப் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை.

ஆய்வகத் தலைவர் பொறுமை இழந்தார். "எத்தனை மாசமா பூஜ்யம்! கூண்டைத் திறந்து கழுவுங்கம்மா."

திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயும். உள்ளே இருக்கும் எதுவும் தங்காது.

"நான் திறக்கவா அண்ணி?"

"வேணாம்ப்பா. நானே பண்றேன்."

வால்வைத் திருகினாள். நீளமாக மூச்சிழுப்பதுபோலக் காற்று உள்ளே போனது. பழக்கதோஷத்தில் லேசரை அணைத்து ஒரு வெற்றுப் படம் எடுத்தாள்.

"புள்ளி இருக்கா அண்ணி?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். இத்தனை மாதத்தில் அன்றுதான் வெற்றுப் படம் வெறுமையாக இருந்தது.