கட்டாயமில்லாத மாப்பிள்ளை

“யாருய்யா இந்த ஜீவன்?”

கல்யாணக் கார்டை மேசையில் ஓங்கி அடித்தார் வீரய்யா. நமுனுகுலத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பதுளையில் அச்சகம் திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றவர் அவர். பின்னால் அவருடைய மகள் சுபாஜினி தலையைக் குனிந்தபடி நின்றாள்.

அச்சக முதலாளி ஹாஷிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ‘மணமகள் சுபாஜினி. மணமகன் ஜீவன்.’

“அழகாத்தானே வந்திருக்கு. இதுல என்ன பிழை?”

“என் மருமகன் பேரு திலகேஸ்வரன், முதலாளி! முந்நூறு கார்டுல பாதிக்கு மேல குடுத்து முடிச்சாச்சு. புள்ளையார் படத்தையும் தங்க எழுத்தையும் பார்த்த சந்தோசத்துல நான் பேரை வாசிக்கல. நேத்து காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல கங்காணி வாசிச்சாரு. அத்தனை ஆளுக முன்னால, ‘மாப்பிள்ளைய மாத்திட்டீங்களாண்ணே’ன்னு கேக்குறாரு!”

ஹாஷிம் கணினிப் பக்கம் திரும்பினார். “ஜீவன், இங்க கொஞ்சம் வாங்க மகன்.”

வீரய்யாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. “இவருதானா?”

ஜீவன் எழுந்து வந்தான். போனிலிருந்தே கார்டுக்கு ஆர்டர் கொடுக்கும் அந்தப் புரோகிராமை எழுதியவன் அவன்தான். கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த காலத்தில் எழுதியது. சுபாஜினியும் அதே வகுப்புதான். இரண்டு வருஷத்தில் அவளிடம் அவன் பேசியது, “அந்த சார்ஜரைக் கொஞ்சம் தாறீங்களா?” என்பது மட்டும். மற்றதெல்லாம் மனதோடு சரி.

அவசரமாக ஆர்டரைத் தேடி எடுத்தான். “ஐயா, உங்க போன்ல இருந்து வந்ததுதான். எல்லாப் பெட்டியும் நிரப்பியிருக்கு. மணமகன் பேரு மட்டும் காலியா இருக்கு.”

“ஏதோ அவசரத்துல விட்டுப்போயிருக்கும். காலியா இருந்தா உங்க கம்ப்யூட்டர் கேக்க வேணாமா?”

“கேக்காதுங்க. அது ஆப்ஷனல் பராமீட்டர். கட்டாயம் இல்ல.”

“கல்யாணக் கார்டுக்கு மாப்பிள்ளை கட்டாயம் இல்லையா?”

உள்ளே அச்சு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஜஸீல் சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் ஓடினான்.

“அப்படி இல்லீங்க ஐயா. சடங்குக் கார்டு, வீடு குடிபோற கார்டு எல்லாத்துக்கும் ஒரே புரோகிராம்தான். அதுக்கெல்லாம் மாப்பிள்ளை எதுக்கு? அதனால பேரு குடுத்தா அதை எடுத்துக்கும், குடுக்கலைன்னா ஏற்கெனவே எழுதி வச்சதை எடுத்துக்கும். இப்ப கடையில ‘ஒரு பிளேன்டீ’ன்னா அவங்களே சீனி போட்டுத்தானே குடுக்குறாங்க? வேணாம்னு நாமதான் சொல்லணும். அந்த மாதிரி.”

“சீனி கூடிப்போனா கீழ ஊத்திட்டு வேற வாங்கலாம் தம்பி. மாப்பிள்ளைய என்ன பண்றது?”

ஜீவன் திரையிலிருந்த ஆர்டரை மறுபடி பார்த்தான்.

“சரி, எழுதி வச்சது உங்க பேரா இருப்பானேன்?”

“பரீட்சை பண்ணிப் பார்க்க ஏதோ ஒரு பேரு வேணுமேன்னு என் பேரையே போட்டேங்க. அழிக்க மறந்துட்டேன்.”

அந்த நேரம் பார்த்து வீரய்யாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா. அவர் போட்ட சத்தம் கடைக்கே கேட்டது. “கார்டுல எவன் பேரு இருக்கோ அவனுக்கே குடுங்க உங்க பொண்ண! எங்களுக்கு வேற எடம் இருக்கு!”

போனை வைத்துவிட்டு வீரய்யா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் வடிந்து, தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுபாஜினியை நேராகப் பார்க்கும் தைரியம் ஜீவனுக்கு இல்லை; ஓரக்கண்ணால் பார்த்தான். வாசலைப் பார்த்து நின்ற அவளுடைய தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தபோது, கணினியைத் தூக்கிக் கீழே போட்டு உடைக்கலாமா என்றிருந்தது அவனுக்கு.

ஹாஷிம் செருமினார். “வீரய்யாண்ணே, கோவிச்சுக்காதீங்க. மண்டபம் சொல்லியாச்சு, நாள் பார்த்தாச்சு, கார்டும் குடுத்தாச்சு. இனி கார்டை மாத்துறதவிட மாப்பிள்ளைய மாத்துறது லேசு.”

வீரய்யா முறைத்தார். முறைத்தபடியே ஜீவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

“தம்பி எந்தத் தோட்டம்?”

“ஹாலிஎல பக்கம்ங்க.”

“வீட்டுல?”

“அம்மா மட்டுந்தான். கல்யாணம் கட்டச் சொல்லி நச்சரிக்கிறாங்க.” கேட்காத கேள்விக்கும் ஏன் பதில் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

“உம்” என்று இழுத்தார் வீரய்யா. ஹாஷிம் அவருடைய தோளில் கை போட்டு, “வாங்கண்ணே, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டே பேசுவோம்” என்று எதிர்க்கடைக்கு அழைத்துப் போனார்.

அச்சகத்தில் இப்போது ஜீவனும் சுபாஜினியும் மட்டும்தான். ஜீவன் தயங்கித் தயங்கி அவளிடம் போனான்.

“மன்னிச்சிருங்க சுபாஜினி. என் கவனக்குறைவால உங்க கல்யாணமே நின்னுபோச்சு.”

அவள் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அப்பாட போன்ல இருந்து ஆர்டர் அனுப்புனதே நான்தான். அந்தப் பெட்டிய காலியா விட்டா யாரு பேரு வரும்னு, வகுப்புல உங்களுக்குப் பின்னால உட்கார்ந்து அப்பவே பார்த்து வச்சுட்டேன்.”