அடுத்த நடையில வாங்க

"வாயைத் திறக்காமலே ஒன்றரை லட்சம் பேரை அழவெச்சிருக்கேன்மா" என்றார் லிஃப்ட்டுக்காரர்.

சபைச் செயலாளரம்மா பேனாவை மூடினார். ஊழியப் படிவத்தில் 'உங்கள் தாலந்து' என்ற திறமைக் கட்டத்துக்கு இப்படியொரு பதில் அதுவரை வந்ததில்லை.

"அந்த வேலைய பாஸ்டர் பிரசங்கத்துலயே முடிச்சிடுறாருண்ணே. வேற ஏதாச்சும் சொல்லுங்க."

வேறு ஏதும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர்.

ஐந்தாம் மாடியிலிருந்து தரைக்கு நாற்பது விநாடி. மேலே டாக்டர் முன்னால் அழ முடியாது. கீழே காத்திருக்கும் சொந்தபந்தத்தின் முன்னால் அழக் கூடாது. நடுவில் கிடைப்பது அந்த நாற்பது விநாடிதான்.

அவர் பொத்தான்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அவ்வளவுதான் வித்தை.

நாற்பது விநாடி போதாத ஆள் என்றால், மூன்றாம் மாடியில் சும்மா நிறுத்தி வைப்பார். வெளியே யாராவது கதவைத் தட்டினால் ஒரே பதில்தான்: "மேல போகுது, அடுத்த நடையில வாங்க!" லிஃப்ட் என்னவோ கீழே போக வேண்டியதுதான்.

ஓய்வு பெற்று ஆறு மாதமாகிறது. "சமையக்கட்டு வாசல்ல நின்னு என்னை ஏத்தி எறக்கினது போதும், கோயிலுக்காவது ஒத்தாசையா இருங்க" என்று மனைவி துரத்திவிட்டாள்.

சபையும் அவருக்குக் கொடுத்துப் பார்க்காத வேலை இல்லை.

பாடகர் குழுவில் நிறுத்தினார்கள். அவர் எடுத்த முதல் 'அல்லேலூயா'வில் உத்தரத்திலிருந்து இரண்டு பல்லிகள் விழுந்தன. மூன்றாவது பல்லி சபையையே மாற்றிக்கொண்டது.

ஞாயிறு பள்ளியில் நோவாவின் கதையைச் சொல்லச் சொன்னார்கள். "எட்டுப் பேருக்கு மேல கூடாது, யானை எறங்கிக்கட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். யானையாக இருந்த குழந்தை இன்னும் அவரோடு பேசுவதில்லை.

மிச்சமிருந்தது வாசல் ஒன்றுதான். கதவைத் திறந்து, வருகிறவர்களை வரவேற்கும் வேலை.

"கதவு தொறக்கிறதுல என்னை மிஞ்ச ஆளு உண்டாம்மா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் இதுவும் இல்லையென்றால் திரும்பச் சமையக்கட்டு வாசல்தான்.

"அதுக்கு ஆள் இருக்குண்ணே."

இந்த ஆறு மாதமும் ஜனங்கள் தாங்களேதான் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். லிஃப்ட்டுக்காரர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மேஜைமேல் புது வருஷ ஊழியப் பட்டியல் கிடந்தது. மற்ற வரிகளையெல்லாம் அடித்துத் திருத்தியாயிற்று. 'வாசல்' என்ற வரியில் மட்டும் பழைய பெயர் அப்படியே இருந்தது.

செயலாளரம்மாவின் பேனா அந்தப் பெயர்மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

லிஃப்ட்டுக்காரர் எழுந்தார். ஆனால் போகவில்லை. சுவரிலிருந்த சுவிட்ச் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மின்விசிறி சுற்றியது. பின்னால் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

யாரோ கதவைத் தட்டினார்கள். ஆர்மோனிய அறைச் சாவிக்காகப் பாடகர் குழு.

"மேல போகுது! அடுத்த நடையில வாங்க!"

மாடியே இல்லாத கட்டிடம் அது. வெளியே கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு காலடிச் சத்தம் விலகிப் போனது.

அப்புறம்தான் பின்னால் கேட்டது. முதலில் ஒரு மூச்சு. பிறகு, மாதக்கணக்கில் அடைத்து வைத்தது எல்லாம்.

அவர் திரும்பவில்லை. மூன்றாம் மாடியில் நிறுத்தி வைத்தார்.

வெகுநேரம் கழித்துச் செயலாளரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு தவறிப்போனதும் அதே அஞ்சாம் மாடிதாண்ணே. அன்னைக்கு லிஃப்ட்டுக்கு ஒரே கூட்டம். நான் படியில எறங்கிட்டேன்."

பட்டியலில் 'வாசல்' வரியிலிருந்த வீட்டுக்காரர் பெயரின்மேல் மெல்ல ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் புதுப் பெயர் ஏறியது.

பிறகு படிவத்தை இழுத்து, தாலந்துக் கட்டத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.

எண்ணிக்கையில் மட்டும் ஒன்றைக் கூட்டிக்கொண்டார்.