கழுத்துக்குக் கீழே

வலது உள்ளங்கையால் இடது மார்பை அழுத்திப் பொத்தியபடி, காலாலேயே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் பியோ தல்சூ. காத்திருந்த இளைஞர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது மறைத்திருந்த இடத்தையும் பார்த்தார்கள். பாவம் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ரயில் ஸ்டேஷன்ல போஸ்டர் ஒட்டினவன் எவன்? வரச் சொல்லுங்க வெளியில!"

பூசான் மீன் சந்தையில் ஏலம் கூவிப் பழகிய குரல் அது. ஆண்களின் பெருத்த மார்பைத் தட்டையாக்கித் தருவதற்கென்றே நடக்கும் அந்த மருத்துவமனையில் எல்லாரும் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். மேலாளர் மிஜோங் பதறி ஓடிவந்து, அவரை டாக்டர் கூ என்பவரின் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் கூவின் நாற்காலிக்குப் பின்னால் அதே போஸ்டர். இடப்பக்கம், கழுத்துக்கு மேல் வெட்டப்பட்ட ஓர் ஆணின் ஈர உடம்பு. பெண்களுக்கு இருப்பதுபோல் திரண்ட மார்பு. தோளெலும்புக்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு. அடியில் 'முன்' என்று பெரிதாக எழுதியிருந்தது. வலப்பக்கம் வேறு யாருடையதோ பலகை மாதிரி மார்பு; அதன் அடியில் 'பின்'.

தல்சூ இடது கையால் சட்டைக் காலரை விலக்கினார். அதே பிறைத் தழும்பு.

"மீன் கொக்கி கிழிச்சது. சந்தையில பச்சைக் குழந்தையும் சொல்லும் இது யாருன்னு. போன குளிர்காலம் கடல் நீச்சல் விழாவுல எவனோ எடுத்த படம். அன்னிக்கு நான் வாயெல்லாம் பல்லா நின்னேன். அந்தச் சிரிப்பை வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தை மாட்டியிருக்கீங்க!"

டாக்டர் எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"விளம்பரக் கம்பெனி பண்ணின தப்பு சார். உங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு புரியுது. இன்னிக்கே எல்லா ஸ்டேஷன்லயும் கிழிச்சிடச் சொல்றேன்."

"கிழிப்பியா? கையை வச்சுத்தான் பாரேன்!"

டாக்டர் விழித்தார். மிஜோங் சமாளித்தாள்.

"நஷ்டஈடு வேணும்னா பேசிக்கலாம் சார்."

"நான் என்ன மார்பை வாடகைக்கு விடவா வந்திருக்கேன்?"

இத்தனை கத்தலும் அந்த ஒரு படத்துக்காக மட்டுமில்லை. ஞாயிறுதோறும் தல்சூவும் மகன் கிவோனும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போவார்கள். அப்பா முதுகை மகன் தேய்ப்பான். மகன் முதுகை அப்பா தேய்ப்பார். மகனுக்கும் அதே மார்புதான். ராணுவத்துக்கே போய்வந்த பிள்ளை, எவன் பார்த்தால் எனக்கென்ன என்று வெந்நீர்த் தொட்டியில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பான். போஸ்டர் வந்த பிறகு அவனுக்கு ஞாயிறு தவறாமல் சளி பிடிக்கிறது.

"நேத்து என்கிட்ட கேட்கிறான், 'அப்பா, நாம ரெண்டு பேரும் இன்னும் முன்னுலயே நிக்கிறோமா'ன்னு." தல்சூவின் குரல் உடைந்தது. அது உடைந்துவிட்ட ஆத்திரத்துக்கும் சேர்த்து இடது கையால் மேசையில் ஒரு குத்து விட்டார். "சட்டைக்குள்ள துணியை இறுக்கிச் சுத்திக்கிட்டு மூச்சு முட்ட அலையறான் இப்ப. அந்த வயசுல நான் அலைஞ்சேனே, அதே மாதிரி!"

மிஜோங்குக்கு வழி கிடைத்துவிட்டது. முகத்தை இளக்கிக்கொண்டாள்.

"அப்படின்னா அப்பா, பிள்ளை ரெண்டு பேருக்குமே இலவசமா ஆபரேஷன் பண்ணிடலாம் சார். டாக்டர் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

அவ்வளவுதான், தல்சூ எழுந்துவிட்டார்.

"எதுக்கு? எனக்கு என்ன சீக்கா? பெரிய ஆஸ்பத்திரியில எப்பவோ காட்டியாச்சு, ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் பொண்டாட்டி இதுலதான் தலை வச்சுத் தூங்குறா. அவளுக்கே குறை இல்ல. உனக்கு என்னம்மா குறை?"

மிஜோங் காதுவரை சிவந்துபோனாள். டாக்டர் கூவுக்கும் இப்போது சூடு ஏறிவிட்டது. பட்டப்பகலில், அத்தனை நோயாளிகளும் காதைத் தீட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போது, அவரும் எவ்வளவு நேரம்தான் குனிந்துகொண்டே இருப்பார்?

"கிழிக்கவும் கூடாது, காசும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். அப்புறம் என்னதான் சார் வேணும்? முதல்ல அந்தக் கையை எடுங்க. டாக்டர்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

"மறைக்கிறேனா? நானா?"

தல்சூ கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து, வரும் வழியெல்லாம் விழுந்துவிடக் கூடாதே என்று பொத்திப்பிடித்து வந்த ஒரு பழைய புகைப்படத்தை உருவினார்.

கல்யாணமான புதிதில் கடற்கரையில் எடுத்தது. சுற்றிலும் எல்லாரும் நீச்சலுடையில் கும்மாளமிடுகிறார்கள். நடுவே, புது மனைவிக்குப் பக்கத்தில், அந்த வெயிலிலும் குளிர்கால ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, மார்பில் கைகளைக் கட்டி, கூனிக் குறுகி அழாத குறையாக நிற்கிறான் ஓர் இளைஞன். தல்சூவின் அதே மூக்கு, அதே புருவம்.

டாக்டரைத் தள்ளிக்கொண்டு போய், 'முன்' என்ற எழுத்துக்கு மேலே அந்தப் படத்தை அறைந்து வைத்தார் தல்சூ.

"இதுதான்யா 'முன்'. நீச்சல் விழாவுல எடுத்ததைச் சிரிப்போட 'பின்'ல ஒட்டு!"