வண்டியை மறித்தவர்

டிரைவர் இல்லாமல் ஓட வேண்டிய வண்டி, ஜப்பானிலிருந்து வந்திருந்த பெரிய முதலாளியின் கண் முன்னாலேயே படுத்துக்கொண்டது.

பரமநாதன் ஓடிப்போய் அதன் பொத்தான்களை மாறி மாறி அழுத்திப் பார்த்தார். பாயான் பாரு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஸ்டோர் அதிகாரி. தரையில் ஒட்டிய வெள்ளை டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து பேக்கிங் வரை தானாகவே சரக்குக் கொண்டுபோகும் வண்டி அது. 1991-இல் பினாங்குக்கே அதிசயம். அதை வாங்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். இன்று ஒழுங்காக ஓடினால் மேனேஜர் பதவி. ஓடாவிட்டால் இருக்கிற பேரும் போச்சு.

"டேப் கிழியல, பேட்டரியும் ஃபுல். எதிர்ல ஆள் நிக்குதுன்னு நெனச்சு நிக்குது," என்று மலாயில் சொன்னாள் டெக்னீஷியன் சலேஹா. குனிந்து, வண்டிக்குக் கண்ணாக இருந்த முன்பக்கக் கறுப்புக் கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தாள். "அபு, என்சிக்."

மலாயில் என்சிக் என்றால் ஐயா, அபு என்றால் சாம்பல். ஜப்பான்காரருக்கு அது தெரியவில்லை.

"யார் அந்த அபு? கூப்பிடுங்கள் அவனை."

"அபு இல்ல சார், முனுசாமி." பரமநாதனின் வாய் முந்திக்கொண்டது. "கூட்டுற ஆளு. படிக்காதவன். மெசினையும் சாமியாக்கித் திருநீறு பூசியிருக்கான்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் டிராலி தள்ளிய முனுசாமியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்ததே இந்த வண்டிதானே. பொறாமையில் செய்திருப்பார் என்று முணுமுணுத்தார்கள்.

முனுசாமி வந்து நின்றார். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பரமநாதனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"நான்தாங்க. தப்புதான்."

கண்ணாடியைத் துடைத்ததும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். பரமநாதனின் கையைக் குலுக்கிவிட்டு, முனுசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்லிப் போனார். இன்னொரு கடிதம் வாங்கினால் முனுசாமிக்கு வேலை கிடையாது.

கடிதத்தை நீட்டும்போதும் பரமநாதன் சும்மா இருக்கவில்லை. "இது சயன்ஸ், முனுசாமி. மூடநம்பிக்கையெல்லாம் வீட்டோட வச்சுக்கணும். திருநீறு பூசுற இடமா இது?"

முனுசாமி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"எங்க வீட்டுல ஏது சார் திருநீறு? நான் சர்ச்சுல சேந்து ரெண்டு வருசமாச்சு."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில நீங்க பூசுறப்போ அந்தப் பக்கந்தான் கூட்டிக்கிட்டு இருந்தேன். பெரியவர் முன்னால உங்க மானம் போக வேணாம்னு சொல்லல. அடுத்த வண்டி வந்தா கொஞ்சம் மேல பூசுங்க சார். நெத்தின்னு நெனச்சுக் கண்ணுல பூசிட்டீங்க."