கண்ணாடி ஓட்டுப்பெட்டி

நாட்டின் முதல் தேர்தலுக்கு நட்பு நாடு இனாமாக அனுப்பியது அந்தக் கண்ணாடி ஓட்டுப்பெட்டி. சாவடி அதிகாரி பூரணம்மாள் மேசை விரிப்பை எடுத்து அதன்மேல் போர்த்தினார். பார்வையிட வந்த அந்நாட்டுத் தூதர் அதை உருவினார். அந்தம்மா மறுபடி போர்த்த, தூதர் மறுபடி உருவ, நடுவில் மொழிபெயர்ப்பாளனான என் உயிரை வாங்கினார்கள் இருவரும்.

"உள்ளே தெரிந்தால்தான் கள்ள ஓட்டு விழாதாம். உதவிக்கு நிபந்தனையே அதுதானாம்" என்றேன்.

"தெரியுதுன்னுதாங்க யாரும் போட மாட்டேங்கறாங்க. வீட்டு ஜன்னலைக்கூடச் சாத்த விடாத ஆட்சியில கெடந்த ஜனங்க. அதை அவருகிட்டச் சொல்லுங்க!"

"எத்தனை தடவைம்மா சொல்றது?"

வெளியே வரிசை அசையவில்லை. மடித்த சீட்டில் எதுவும் தெரியாது, நீங்களே போட்டுக் காட்டுங்கள் என்றார் தூதர்.

பூரணம்மாள் முத்திரை குத்தி, சீட்டைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு மடித்தார். பெட்டிவரை போன கை, எல்லாரும் பார்ப்பதைக் கண்டதும் வாய்க்குப் போனது. மென்று விழுங்கினார்.

அப்போதுதான் வரிசை நகர்ந்தது. முதலில் வந்தவர் முத்திரை குத்தினார், மடித்தார், விழுங்கினார். பிறகு மை வைக்கச் சொல்லி விரலை நீட்டினார்.