வாத்துக்கு எத்தனை தேங்காய்?

பெருச்சாளி கொழுத்துத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. வாய்க்கால் கரையில் நெல் விளைத்தவர்கள் எல்லாரும் அதனிடம்தான் விற்றார்கள். மூட்டைக்கு ஆறு தேங்காய் கொடுக்கும். யாராவது முணுமுணுத்தால், "உன் பக்கத்து வயல்காரன் அஞ்சுக்கே தர்றேங்கிறான்" என்று காதில் போடும்.

ஆமைதான் ஒருநாள் கூட்டம் போட்டுச் சங்கம் வைத்தது. எல்லார் நெல்லையும் ஒரே அம்பாரமாகக் கொட்டிப் படகுக்காரர்களுக்கு நேராக விற்றார்கள். மூட்டைக்குப் பத்துத் தேங்காய் கிடைத்தது, எல்லாருக்கும் ஒரே மாதிரி.

அதுதான் நண்டுக்குப் பொறுக்கவில்லை. களை பறித்துப் பறித்து அதன் கொடுக்கே தேய்ந்துவிட்டது. அடுத்த வயல் வாத்தோ பாதி நாள் தண்ணீரில் மிதந்தது. அந்த வாத்தும் பத்துத் தேங்காயை உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்து நண்டுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த அறுவடைக்கு நண்டு தன் மூட்டையோடு பெருச்சாளி வாசலில் போய் நின்றது.

"என் நெல்லு தனிச் சுத்தம், முதலாளி. பார்த்துச் சொல்லுங்க."

"ஏழு தர்றேன், தம்பி."

"சங்கத்துல பத்து தர்றாங்களே" என்று நண்டு கிளம்பியது.

"நீ வந்துட்டா உன் பின்னாலேயே ஒவ்வொருத்தரா வந்துருவாங்க. சங்கம் கலைஞ்சுரும். வாத்தும் இங்கதான் வரணும். அதுக்கு அஞ்சுதான் குடுப்பேன்."

நண்டு நின்றது.

"அஞ்சுதானே? அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?" என்று கேட்டுக்கொண்டே மூட்டையை இறக்கி வைத்தது.